யாரும் அழுத்தாத விசை

வாடை மழை பெய்யும் ஓர் இரவில் திருகோணமலை நகரில் மின்சாரம் நின்றுவிடுகின்றது என்று கொள்ளலாம். உட்துறைமுகத்தை அடுத்த லிங்கநகர்ப் பகுதியில் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்குகின்றன. கால் மணி நேரம் கழித்து விளக்குகள் மீண்டும் எரிகின்றன, மின்விசிறி சுழல்கின்றது, குளிர்சாதனப் பெட்டி உறுமுகின்றது, வானொலியும் பேசத் தொடங்குகின்றது. ஆயின் கரையோரத்துக் கருவி அறையொன்றில், சுவரில் பொருத்திய பெட்டிக்குள் இருக்கும் சிறிய கணினி மாத்திரம் எழவில்லை. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. மனிதனோடு அது பேசுவதற்கென்று உள்ளது ஒரே ஒரு கம்பி வழி. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லும் தொடர் இணைப்பு என்பது அதுவே.

மறுநாட் காலையில் தொழில்நுட்பர் ஒருவர் மடிக்கணினியுடன் வந்து அந்தக் கம்பியைத் தமது கணினியில் பொருத்திப் பார்க்கின்றார். உள்ளே இருக்கும் கணினி பழுதுபடவில்லை. தொடக்க நிலையில், ஆணைக்குக் காத்து நிற்கின்றது. தொடங்கும்போது யாரேனும் விசையொன்றை அழுத்தினால் வேலையை நிறுத்திவிட்டு, 'என்ன வேண்டும்?' என்று கேட்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கின்றது. இரவில் யாரோ அழுத்தியிருக்கின்றார்கள். ஆனால் அறையோ பூட்டிக் கிடந்தது. தொழில்நுட்பர் அதை அணைத்து மீண்டும் இயக்குகின்றார், ஒழுங்காகத் தொடங்குகின்றது. பத்து முறை செய்து பார்க்கின்றார். பத்து முறையும் ஒழுங்காகவே தொடங்குகின்றது. மனநிறைவோடு கம்பியைக் கழற்றிக்கொண்டு திரும்புகின்றார். அடுத்த முறை மின்சாரம் தடைப்பட்டதும் அதே கதை.

வைத்தியர் வாசற்படியை மிதித்ததும் காய்ச்சல் தணிந்து, அவர் போனதும் திரும்பும் நோயைப் பற்றிக் கிராமங்களில் சொல்வார்கள். இது அத்தகையது. இந்த நோய் ஒளிந்துகொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறிந்தால் நோயையும் அறிந்ததாகும்.

பெட்டி ஒரு கடைக் கணக்கை மாத்திரம் வைத்திருப்பதாயின் ஒரு நாள் தாமதம் பெரிதன்று. கடல்மட்டத்தை அளந்து அனுப்பும் கருவியாயின் நிலைமை வேறு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தாக்கியது. அதன் பின்னர் இந்து சமுத்திரக் கரைகளில் இத்தகைய கருவிகள் பெருகின. தொலைவிலுள்ள மனிதன் பார்க்காத நேரத்திலும் அவை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவற்றின் பயன். ஓர் இரவின் கடல்மட்டம் பதிவாகாமற் போனால் அதை மறுநாள் திரும்ப அளக்க முடியாது. ஆகவே பூட்டிய அறையில் யாரும் அழுத்தாத விசையை அழுத்தியது யார் என்ற வினா வேடிக்கை வினாவன்று.

விடையைத் தேடத் தந்திக் காலத்திற்குச் செல்ல வேண்டும். ஒரு கம்பியை மாத்திரம் இழுத்துவிட்டு, மின்னோட்டம் திரும்பி வரும் வழியாக நிலத்தையே பயன்படுத்தலாம் என்பதை ஜெர்மானியரான ஸ்டைன்ஹைல் 1838ஆம் ஆண்டு கண்டறிந்தார். செம்பு பாதியளவு மிச்சமாயிற்று. ஆனால் நிலம் வாய் மூடி இருக்கும் துணையன்று. 1847ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்பி நகரில் தந்திக் கம்பிகளைக் கவனித்துவந்த பார்லோ என்ற பொறியியலாளர், மின்கலம் எதுவும் இணைக்கப்படாத வேளையிலும் கருவியின் முட்கள் அசைவதைக் கண்டு அளந்து எழுதினார். 1859ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் சூரியனில் எழுந்த பெருங் கொந்தளிப்பின் விளைவாகப் பூமியின் காந்தப் புலம் குலைந்தபோது, அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலும் போர்ட்லண்ட் நகரிலும் இருந்த தந்தியாளர்கள் தம் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானே ஓடிய மின்னோட்டத்தைக் கொண்டு செய்தி பரிமாறினார்கள். யாரும் அனுப்பாத மின்சாரம் கம்பியில் வரும் என்பது இவ்வாறு பழைய செய்தியே. அக்காலத்தில் அதைக் காதால் கேட்டுப் பிரித்தறிய ஒரு மனிதன் இருந்தான் என்பதே வேறுபாடு.

மனிதன் இருந்த இடத்தில் பொறி வந்து அமர்ந்தபோது ஓர் உடன்பாடு வேண்டியதாயிற்று. பிரெஞ்சுப் பொறியியலாளர் எமில் போடோ 1874ஆம் ஆண்டு உரிமை பெற்ற முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஐந்து கூறுகளால் ஆனது. அவர் பெயரின் சுருக்கமே இன்றும் கம்பி வேகத்தின் அளவாக வழங்குகின்றது. பின்னர் வந்த தொலை தட்டச்சுப் பொறிகளில், கம்பி ஓய்ந்திருக்கும்போது அதில் மின்னோட்டம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் ஒரு கணம் அறுந்தால், 'எழுத்து வருகின்றது' என்று பொருள். ஓய்வைக் குறிக்க மின்சாரத்தைச் செலவழிப்பது வீண் என்று தோன்றலாம். அதில் நுட்பம் இருந்தது. கம்பி எங்கேனும் அறுந்துபோனால் பொறி வெறிகொண்டதுபோல் சடசடவென்று ஓடத் தொடங்கும். அறையில் இருப்பவர் பழுதை உடனே அறிவார்.

இந்த வழக்கம் மாறாமற் கணினிக்கும் வந்து சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு அமெரிக்க இலத்திரனியற் கைத்தொழிற் கழகம் வெளியிட்ட ஆர்எஸ்-232 என்ற நியமத்தில், ஓய்விலுள்ள கம்பி எதிர்மின் அழுத்தத்தில் நிற்க வேண்டும். பெறும் இடத்தில் மூன்று வோல்ற்றுக்கு மேற்பட்ட எதிரழுத்தம் ஓய்வையும் ஒன்று என்ற இலக்கத்தையும் குறிக்கும். மூன்று வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரழுத்தம் பூச்சியத்தைக் குறிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளிக்கு நியமம் பொருள் எதுவும் வழங்கவில்லை. எழுத்து வரும்போது கம்பி முதலில் ஒரு பிட் அளவு பூச்சியத்திற்குத் தாவும். இது தொடக்க பிட். அதன்பின் எட்டு பிட்டுகள். இறுதியில் ஓய்வு நிலையில் ஒரு நிறுத்த பிட். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட் ஏறத்தாழ 104 மைக்ரோ செக்கன் நிற்கும்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஓய்வு என்பது மின்சாரம் இல்லாமை அன்று. மறுமுனையிலுள்ள கருவி ஒன்று முயன்று பிடித்துக்கொண்டிருக்கும் நிலை அது. ஊஞ்சலை அசையாமல் நிறுத்த ஒரு கை வேண்டும். கையை எடுத்ததும் வருகின்ற காற்றெல்லாம் அதை ஆட்டும். மடிக்கணினி பொருத்தியிருக்கும்போது அந்தக் கை இருக்கின்றது. தொழில்நுட்பர் கம்பியைத் தம் கணினியிலிருந்து கழற்றிப் பெட்டிக்கு அருகே சுருட்டி வைத்துவிட்டுப் போகும்போது, அந்தக் கையையும் எடுத்துச் சென்றுவிடுகின்றார். இப்போது மறுமுனை அற்ற கம்பி ஒரு வானொலி ஏரியலுக்கு நிகரானது. அவர் அருகில் இருந்தபோது பத்து முறையும் ஒழுங்காக நடந்ததன் மருமம் இதுதான்.

நேயர் ஒருவர் கேட்கலாம்: கம்பியில் எழும் சிறு நடுக்கம் எவ்வாறு எழுத்தாக முடியும்? எழுத்தைப் பெறும் சில்லு மிக எளிய இயல்புடையது. ஓய்வு நிலை குலைந்ததும் அரை பிட் நேரம் பொறுத்து மீண்டும் பார்க்கும். அப்போதும் குலைந்தே இருந்தால், எழுத்து வருவதாகக் கொண்டு அடுத்த எட்டு இடங்களையும் படிக்கும். துடிப்பு அதற்குள் ஓய்ந்துவிட்டிருந்தால் எட்டும் ஒன்றாகவே இருக்கும். கிடைக்கும் எண் 255. மேலைநாட்டு எழுத்து வரிசைகளில் அது இரு புள்ளி தாங்கிய ஓர் எழுத்தாகத் திரையில் தோன்றும். பழகிய தொழில்நுட்பர் அந்த எழுத்து விட்டுவிட்டு வருவதைக் கண்டதும், அது யாரும் தட்டியதன்று, ஒற்றைத் துடிப்பு ஒன்றின் சுவடு என்று அறிந்துகொள்வார். இதற்கு மாறாகப் பூச்சியமே வந்து, நிறுத்த பிட் காணப்படாமல் இருந்தால், கம்பி நீண்ட நேரம் குலைந்து கிடந்தது என்று பொருள். ஒழுங்கான நேரத்தில் எழுத்துகள் வந்தும் அவை புரியாத குழப்பமாக இருந்தால், பெரும்பாலும் அது இரைச்சல் அன்று. இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் அமைந்திருத்தலே. இதைச் சரிபார்க்காமல் புதுக் கம்பி வாங்கச் செல்வோர் பலர்.

வேகத்தைப் பற்றி இன்னொரு சொல். 9600 வேகத்தில் அரை பிட் என்பது 52 மைக்ரோ செக்கன். அருகிலுள்ள மோட்டாரின் ஆளி எழுப்பும் 20 மைக்ரோ செக்கன் துடிப்பைச் சில்லு சட்டை செய்யாது. செக்கனுக்கு 115200 என்ற வேகத்திலோ அரை பிட் நான்கு மைக்ரோ செக்கனைச் சிறிதே கடந்தது; அதே துடிப்பு ஓர் எழுத்தாக உள்ளே நுழைந்துவிடும். இக்காலச் சிறு கணினிகள் பெரும்பாலும் வேகமான அளவையே இயல்பாகக் கொண்டு வருகின்றன. கரையோரத்துக் கருவி அறைக்கு அந்த அவசரம் எதற்கு என்று கேட்பது நியாயமே.

கம்பியை ஆட்டும் காற்று எங்கிருந்து வருகின்றது? துறைமுகத்தில் அதற்குக் குறைவில்லை. பாரந்தூக்கிகளின் மோட்டார்கள், உருக்கி ஒட்டும் கருவிகள், கப்பல்களின் ராடர், மழைக்கு முன்வரும் மின்னல் யாவும் உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் ஜெர்மன் வானொலி 1980களில் நிறுவிய அஞ்சல் நிலையம் 250 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பிகளைக் கொண்டிருந்தது. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. அத்தகைய நிலையத்தின் அயலில், தொங்கும் கம்பி எதுவாயினும் வானொலி கேட்கும். ஆயினும் உண்மையில் அகப்படும் குற்றவாளி பல வேளைகளில் இவை எவையும் அல்ல. கணினி தன் குரலையே கேட்டு ஏமாறுகின்றது. ஒரே உறைக்குள் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் பக்கத்திற் பக்கமாக ஓடுகின்றன. கணினி தொடங்கும்போது தன் விவரங்களை அனுப்பும் கம்பியில் எழுதித் தள்ளும். அந்த ஏற்றத்தாழ்வு, பிடிப்பாரற்ற பெறும் கம்பியில் எதிரொலிக்கும். தான் பேசியதன் எதிரொலியைப் பிறர் அழுத்திய விசை என்று கொண்டு அது நின்றுவிடும். கம்பி நீள நீள இது மிகும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வேடிக்கையும் உண்டு. இரு கணினிகளின் தொடர் வழிகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரண்டிலும் உள்நுழைவோரை வரவேற்கும் நிரலை இயங்கவிட்டால், ஒன்று 'உமது பெயர் யாது?' என்று கேட்கும். மற்றது அந்தக் கேள்வியையே ஒரு பெயராகக் கொண்டு, 'கடவுச்சொல் யாது?' என்று திருப்பிக் கேட்கும். அதுவே முதற் கணினிக்கு விடையாகும். இருட்டில் எதிர்ப்பட்ட இரு காவற்காரர் ஒருவரையொருவர் 'நீ யார்?' என்று விடியும்வரை கேட்பது போல இது தொடரும். மின்சாரமும் பதிவேட்டின் இடமும் வீணாகும்.

கம்பி முழுவதும் குலைந்து கிடப்பதன் விளைவோ இதனினும் கடுமையானது. ஓர் எழுத்து நிற்கும் நேரத்தைக் காட்டிலும் நெடிது கம்பி பூச்சியத்தில் நின்றால் அதற்கு முறிப்புக் குறி என்று பெயர். சன் நிறுவனத்தின் வழங்கிக் கணினிகள் தொடர் வழியில் இந்தக் குறி வந்ததும் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்தி, ஆணை கேட்டு நிற்கும்படி அமைந்திருந்தன. பழுது பார்ப்போருக்கு அது பெரிய உதவி. ஆனால் மறுமுனையிலுள்ள முனையத்தை யாரேனும் அணைத்தாலோ கம்பியைப் பிடுங்கினாலோ, ஓய்வைப் பிடித்திருந்த அழுத்தம் விழுந்து அதே குறி தோன்றிவிடும். துப்புரவுக்காக ஒரு முனையத்தை அணைத்ததால் அலுவலகம் முழுவதற்கும் பணிசெய்த கணினி நின்றுபோகும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. பின்னர் முறிப்புக் குறிக்குப் பதிலாக, தற்செயலாக வர முடியாத மூன்றெழுத்துத் தொடர் ஒன்று வந்தாலன்றி நிற்பதில்லை என்று மாற்றியமைக்க வழி செய்தார்கள். லினக்ஸ் இயக்குதளத்திலும் இக்குறிக்கு அதிகாரம் உண்டு; அவ்வசதி திறந்திருந்தால், குறி வந்து ஐந்து செக்கனுக்குள் வரும் ஓர் எழுத்துக் கணினியை உடனே மீளத் தொடக்கவும் கூடும்.

இனி, பழுதைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? நோயைக் கலைக்காமற் பார்ப்பதே முதல் விதி. மடிக்கணினியைப் பொருத்தினால் நோய் மறைந்துவிடும் என்று கண்டோம். பத்து மெகா ஓம் தடையுள்ள சாதாரண இலக்க அளவுமானியோ அலைகாட்டியோ அவ்வாறு கலைப்பதில்லை. ஒன்பது முள் இணைப்பில், கணினியின் பக்கத்தில், இரண்டாம் முள் பெறும் வழி. ஐந்தாம் முள் பொதுக் கம்பி. இவ்விரண்டிற்கும் இடையே அளந்தால், பிடிப்பார் இருக்கும் வழியில் ஐந்து முதற் பன்னிரண்டு வரை எதிர் வோல்ற்று நிற்கும். பிடிப்பாரற்ற வழியில் பூச்சியத்தை அடுத்து அலையும். பலகையிலிருந்து நேரே வரும் 3.3 வோல்ற்று வழியாயின் ஓய்வில் 3.3 காட்ட வேண்டும். கையை அருகே கொண்டு சென்றாலே எண் மாறுகின்றதாயின் அந்த முள் காற்றில் மிதக்கின்றது என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

அடுத்து, கம்பியைப் பெட்டியின் பக்கத்திலேயே கழற்றிவிட்டு மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தித் தர வேண்டும். பழுது தோன்றாவிடின் நுழைவாயில் கம்பியே. கழற்றிய பின்னும் தோன்றுமாயின் பலகைக்குள்ளேயே முள் மிதக்கின்றது. ஆர்எஸ்-232 பெறும் சில்லின் உள்ளே ஏறத்தாழ ஐயாயிரம் ஓம் தடையி ஒன்று நுழைவாயிலைப் பொதுக் கம்பியோடு பிணைத்திருப்பதால், கம்பியே இல்லாத வாயிலைப் பெரும்பாலான சில்லுகள் ஓய்வு என்றே கொள்ளும். பலகையின் வெறும் முள்ளுக்கு அந்தக் காவல் இராது. கணினி தொடங்கிவிட்ட பின்னரும் தொல்லை இருந்தால் லினக்ஸ் தானே ஒரு கணக்கு வைத்திருக்கும்: எத்தனை முறிப்புக் குறி, எத்தனை முறை நிறுத்த பிட் தவறியது என்பன அதில் உண்டு. மழைக்கு முன்னும் பின்னும் அந்த எண்களை எழுதி ஒப்பிட்டால் ஊகத்திற்கு இடமில்லை.

கடற்கரைக்கு உரிய நோய் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். உப்புக் காற்று இணைப்பு முட்களைப் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்கின்றது. பெறும் முள்ளில் களிம்பு பிடித்தால் இணைப்பு நின்றுவிடும், பழுது வெளிப்படை. ஐந்தாம் முள்ளில் பிடித்தாலோ இணைப்பு நின்றுபோகாமலும் இருக்கலாம். இரு கருவிகளும் சுவர் மின்சாரத்தின் புவித்தொடுப்பில் இணைந்திருப்பதால், செய்தி அந்த வழியாகச் சுற்றித் திரும்பும். அதாவது ஸ்டைன்ஹைலின் தந்தி முறைக்கு யாரும் அறியாமலே மீண்டும் வந்துவிடுகின்றோம். பார்லோ கண்ட தொல்லையும் கூடவே வரும். இரு கட்டிடங்களின் புவித்தொடுப்புகளுக்கு இடையே சில வோல்ற்று வேறுபாடு இருப்பது சாதாரணம். அருகில் இடி விழுந்தால் அது பல மடங்காகும். வேலை செய்கின்ற இணைப்பின் ஐந்தாம் முள்ளை யாரும் ஐயுறுவதில்லை. ஐயுற வேண்டிய முள் அதுவே.

பரிகாரம் மலிவானது. மிதக்கும் 3.3 வோல்ற்று முள்ளுக்கும் மின் வழங்கும் முனைக்கும் இடையே பத்தாயிரம் ஓம் தடையி ஒன்றை இணைத்தால், போன கை திரும்பி வந்ததாகும். பயன்படுத்தாத கம்பியைப் பெட்டியில் தொங்கவிடாமல், அங்கேயே கழற்றி ஆணியில் மாட்டி வைப்பது அதனினும் மலிவு. ஆர்எஸ்-232 கம்பி பதினைந்து மீற்றருக்கு மேற்போவதைப் பழைய நியமம் ஊக்குவிக்கவில்லை. இறங்குதுறை நெடுகச் செல்ல வேண்டியதாயின், இரு கம்பிகளின் வேறுபாட்டை அளக்கும் ஆர்எஸ்-485 முறை ஆயிரத்து இருநூறு மீற்றர் வரை செல்லும். ஆயின் அங்கும் எல்லாரும் வாய் மூடியிருக்கும் வேளையில் கம்பியை ஓய்வில் இழுத்துப் பிடிக்கத் தடையிகள் வேண்டும். அவற்றை மறந்துவிட்டு முறையைக் குறைகூறுவோர் உண்டு. கட்டிடம் விட்டுக் கட்டிடம் செல்லும் வழியில், செய்தியை ஒளியாக மாற்றிக் கடத்தும் பிரிப்புக் கருவி ஒன்றை இடையில் வைத்தால் இரு புவித்தொடுப்புகளும் ஒன்றையொன்று தொடா. கப்பற் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென 1983ஆம் ஆண்டு வெளிவந்த என்எம்இஏ 0183 நியமம், கேட்கும் கருவி ஒவ்வொன்றும் இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றது. கடலோடிகள் இதைப் பட்டு அறிந்திருப்பார்கள் போலும்.

எஞ்சியது நிரல். சிறு கணினிகள் பலவற்றைத் தொடங்கி வைப்பது யூ-பூட் என்ற நிரல். ஜெர்மன் மொழியில் அப்பெயர் நீர்மூழ்கிக் கப்பலையும் குறிக்கும். இயல்பான அமைப்பில் அது சில செக்கன் காத்திருந்து, எந்த விசை வந்தாலும் நின்றுவிடும். காத்திருக்கும் அளவை -2 என்று எழுதினால் காத்திராது, கம்பியைக் கேளாது, நேரே தொடங்கும். பலர் இதைச் செய்துவிட்டுப் பழுது தீர்ந்தது என்கின்றார்கள். பேய் போயிற்று, உண்மைதான். ஆனால் சேமிப்பு அட்டை உண்மையாகவே கெட்டுப்போகும் நாளில் உள்ளே நுழைய வேறு வாயிலும் இராது. ஆகவே குறித்த ஒரு சொல் முழுவதும் வந்தால் மாத்திரம் நிற்கும்படி அமைப்பதே தக்கது. அதற்கும் யூ-பூட்டில் இடமுண்டு. மின்னலோ மோட்டாரோ ஒரு நூற்றாண்டு முயன்றாலும் ஏழெட்டு எழுத்துள்ள ஒரு சொல்லைப் பிழையின்றித் தட்டிவிடப் போவதில்லை. அந்தச் சொல்லைத் தாளில் எழுதி, மழை நனையாத உறையிலிட்டு, பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த முறை வருபவர் அதே தொழில்நுட்பராக இருக்கமாட்டார்.